பட்டினி கிடந்த பனிக்கடல் உயிர்கள்

நான்கு வருடங்களுக்கு முன்பு, சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த நாட்களில், விருத்தாசலத்தில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்குள் நடந்த சம்பவம் இது. சிரிக்காதீர்கள்.

என் மகள் சென்னையில் கடல் உயிரினங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அங்கே குளிர் அறை பழுதாகிவிட்டதால், இரண்டு சின்ன பாட்டில்களை ஐஸ் பெட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தாள். உள்ளே இருந்தவை தென்துருவக் கடலில் வாழும், கண்ணுக்குத் தெரியாத ஒரு செல் உயிர்கள். ஒரே இனம்தான், பாட்டிலுக்கு ஒரு வகை. ஒவ்வொரு வகையும் தனக்கென ஒரு ரசாயனத்தைத் தண்ணீரில் கசியவிடுமாம். வேறு வகையின் ரசாயனம் வந்து தொட்டால்தான் ஜோடி தேடுமாம்.

"அதுங்களுக்கெல்லாம் வரன் பாக்குற. உனக்குப் பாத்தா மட்டும் வேணாங்கற" என்று என் மனைவி அவளைக் கிண்டல் செய்வாள்.

ஜோடி சேருவதை வீடியோ எடுத்து, வெளிநாட்டில் இருக்கும் ஒரு பேராசிரியருக்கு அடுத்த வாரக் கடைசிக்குள் அனுப்பினால், அவரிடம் மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய அவளுக்கு இடம் கிடைக்கும். அதற்கு முன்னால் சில நாள் தீனி போடக் கூடாது என்றாள்.

எனக்குப் பீங்கான் கம்பெனியில் சூளை வேலை. அறிவியல் தெரியாது, பட்டினி தெரியும். தயிர் எடுக்கப் போனவன், முன்பு அவள் போடும்போது நான் பார்த்திருந்த பச்சைப் பாசித் தீனியை இரண்டு பாட்டிலிலும் சொட்டுச் சொட்டாக விட்டேன். மறுநாளும் விட்டேன். புண்ணியம் என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை இரண்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக் கலந்தாள். ஞாயிறு காலை, கூடவே கொண்டுவந்திருந்த சின்ன மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஒன்றுகூடச் சேரவில்லை.

"வயிறெல்லாம் இன்னும் பச்சையா இருக்குதும்மா. நாள் கணக்க நான்தான் தப்பாப் போட்டுட்டேன்" என்று அம்மாவிடம் சொல்லி அழுதாள். அப்போதும் உண்மையைச் சொல்ல நான் வாயைத் திறக்கவில்லை. பயம் மட்டும் என்றால் பரவாயில்லை. இது கெட்டுப்போனால் இவள் நம்மை விட்டுப் போக மாட்டாள் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. பெற்ற மகளுக்கு நானே எதிரியாக உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம், தன்னால் முடியவில்லை, இடம் வேண்டாம் என்று பேராசிரியருக்கு எழுதினாள். அனுப்புவதற்கு முன் என்னிடம் படித்துக் காட்டினாள். பாதியிலேயே நிறுத்திவிட்டு அனுப்பப் போனாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அனுப்பாத கண்ணு. பட்டினியா கெடக்குதேன்னு நான்தான் தீனி போட்டேன்."

திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். "என்னிக்குப்பா? எத்தினி சொட்டு?" என்று நோட்டை எடுத்தாள். தன் மேல் தப்பில்லை என்றதும் முகமே மாறிவிட்டது. "பசிச்சாத்தாம்பா அதுங்க தொணையத் தேடும். வயிறு நெறஞ்சா சும்மா கெடக்கும்" என்றாள்.

பாட்டில்களில் மீதியிருந்ததை மறுபடி பட்டினி போட்டோம். கெடு முடியும் நாளில் என்னைத்தான் முதலில் கூப்பிட்டு மைக்ரோஸ்கோப்பில் காட்டினாள். ஐஸ் மேல் வைத்த கண்ணாடித் தட்டில் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு சுற்றின. வீடே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. அப்படி ஒரு நாள் பிறகு எங்களுக்கு வாய்க்கவில்லை.

இப்போது அவள் அந்தப் பேராசிரியர் இருக்கும் குளிர் தேசத்தில் இருக்கிறாள். யாரிடம் இந்தக் கதையைச் சொன்னாலும், அப்பா இரக்கப்பட்டுத் தீனி போட்டார் என்றுதான் பெருமையாகச் சொல்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை அப்பா ஏன் பேசாமல் இருந்தார் என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்காத அந்தக் கேள்விக்குத்தான் இன்றைக்கும் நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.