மரகதவல்லி டீச்சரின் விடைத்தாள்

செவ்வாய்க்கிழமை காலை விழுப்புரம் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது அஞ்சலை அழைத்தாள். "சார், நம்ம கணக்கு டீச்சர் போய்ட்டாங்க."

"யார் சொன்னது? நேர்ல பாத்தியா?" என்று கேட்டேன். முப்பது ஆண்டுச் செய்தியாளர் வேலையில் வந்த பழக்கம்.

"திண்டிவனத்துல அவங்க வீட்டு வாசல்லதான் நிக்கிறேன். சாவுக்குமா சார் சாட்சி கேப்பீங்க?"

மரகதவல்லி டீச்சர் இருந்திருந்தால் என் பக்கம்தான் பேசியிருப்பார். அவரும் யாரையும் எளிதில் நம்பியவர் அல்லர்.

அவரை நான் முதலில் பார்த்ததே ஒரு சந்தேகத்தின் பேரில்தான். பத்து ஆண்டுகளுக்கு முன், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குச் சில வாரங்கள் இருந்தன. அந்த நாட்களில் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் பாதி பெஞ்சு காலியாகக் கிடக்கும். திருப்புதல் தேர்வு, மறுபடியும் திருப்புதல் தேர்வு என்று பிள்ளைகள் சலித்துப்போயிருப்பார்கள். வயலில் நிலக்கடலை பிடுங்கும் வேலையும் இருக்கும். அப்போது பெயர் சொல்லாத ஒருவர் தொலைபேசியில் சொன்னார்: "அந்த ஸ்கூல்ல மட்டும் பத்தாவதுல ஒரு புள்ள கூட லீவு இல்லியாம். மல்லாட்டை புடுங்குற நேரத்துல! நீங்களே யோசிச்சிக்குங்க."

சொல்லாமல் போனேன். தலைமை ஆசிரியர் பதிவேட்டைக் காட்டினார்: நாற்பத்தொரு பேர், நாற்பத்தொரு பேரும் வருகை. பதிவேட்டை நம்பாமல், வகுப்பு வாசலில் கழற்றிவிட்டிருந்த செருப்புகளை எண்ணினேன். நாற்பத்திரண்டு ஜோடி. ஒன்று குறைந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். கூடுதலாக ஒன்று எப்படி வரும்? எண்ணிக்கை காட்ட வெளியாளை உட்கார வைத்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். கடைசி பெஞ்சில் டீச்சர் உட்கார்ந்து பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார். ஒல்லியான ஒரு பெண் கையில் ஸ்கேலுடன் நடந்துகொண்டிருந்தாள்.

"டீச்சர், பக்கத்துல பாக்காதீங்க."

"பாக்கலம்மா. முதுகு புடிச்சிக்கிச்சி, திரும்பறேன்."

"பேப்பர குடுத்துட்டுத் திரும்புங்க."

வகுப்பே சிரித்தது. நாற்பத்திரண்டாவது ஜோடி டீச்சருடையது. ஸ்கேலுடன் நடந்தவள் அஞ்சலை.

ஏற்பாடு இதுதான். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் வினாத்தாள் தயாரிப்பார்கள். திங்கட்கிழமை டீச்சர் எழுதுவார். மறுநாள் பிள்ளைகள் சிவப்புப் பேனாவால் திருத்துவார்கள். "கேள்வி வைக்கிறவன் விடைய கையில வச்சிருக்கணும்" என்பது அவருடைய ஒரே நிபந்தனை. அதற்காகப் புத்தகம் முழுவதையும் புரட்டினார்கள். அந்தப் பிப்ரவரியில் அஞ்சலை செங்கல் சூளைக்குப் போய்விட்டாள். டீச்சர் வீடு தேடிப் போனார். புத்திமதி எதுவும் சொல்லவில்லையாம். "திங்கக்கெழம நீதான் சூப்பர்வைசர். வரலன்னா நான் காப்பி அடிச்சிடுவேன்" என்றாராம். அஞ்சலையின் அப்பாதான் திகைத்துப்போனார்: "டீச்சரே காப்பி அடிப்பாங்களா? போயி பாத்துக்கினு வாடி."

அன்றைய தாளை மறுநாள் திருத்தியபோது அவர் வாங்கியது எழுபத்திரண்டு. ஆறு தவறுகள். ஒன்றில் விட்டத்தை ஆரமாக எடுத்திருந்தார். இன்னொன்றில் கூம்பின் கனஅளவுக்கு மூன்றால் வகுக்கவில்லை. ஆறுமே பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தவறுகள். வேண்டுமென்றே செய்தீர்களா என்று கேட்டேன்.

"உங்க பேப்பர்ல தப்பு வருதே, அதெல்லாம் வேணும்னு போடுறதா சார்?" என்றார்.

சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லாததால் கண்டதை மட்டும் எழுதினேன். மாணவர்கள் வைத்த தேர்வில் ஆசிரியர் ஆறு இடங்களில் தவறினார். 'திணறிய கணக்கு டீச்சர்' என்ற தலைப்பு அலுவலகத்தில் போட்டது. ஆனால் செய்தி என்னுடையது. நான்காம் நாள் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு டீச்சருக்குக் கடிதம் வந்தது. பத்தாம் வகுப்பிலிருந்து அவரை உடனே எடுத்துவிடப் போவதாகவும் பேச்சு வந்தது. தேர்வுக்கு அப்போது மூன்று வாரம்கூட இல்லை.

ஓடிப்போய்ச் சொன்னேன்: "வேணும்னு செஞ்சேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க டீச்சர். முடிஞ்சிரும்."

"அந்த வரி புள்ளைங்க காதுக்குப் போவாதா? நாளைக்கு எந்த மொகத்த வச்சிக்கினு பரீட்ச எழுதறது?"

அவர் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: "தவறுகள் என்னுடையவை. மாணவர்கள் சரியாகக் கண்டுபிடித்தார்கள்."

தேர்வு முடியும்வரை விட்டுவைத்தார்கள். நாற்பத்தொரு பேரும் எழுதினார்கள், அஞ்சலையும். ஜூன் மாதம் டீச்சரை மேல்சித்தாமூர்ப் பக்கம் மாற்றினார்கள். மன்னிப்புக் கேட்கப் போனேன். "அங்கயும் திங்கக்கெழம வரும் சார்" என்றார். அதற்குப் பிறகு பலமுறை சந்தித்தோம். ஒவ்வொரு முறையும் நான் அதே கேள்வியைக் கேட்டேன். ஒருமுறைகூட அவர் பதில் சொல்லவில்லை.

செவ்வாய் மாலை திண்டிவனத்தில் டீச்சரின் உடலை எடுத்துப் போன பிறகு, அஞ்சலை பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். உறைக்குள் இருந்தது அந்த விடைத்தாள். ஆறு சிவப்புச் சுழிகளும் அப்படியே இருந்தன. பழக்க தோஷத்தில் சரி போட்டிருந்த விடைகளையும் படித்துக்கொண்டே போனேன். மேல்மூடி இல்லாத உருளைத் தொட்டி. அடிப்பரப்பு 154, வளைபரப்பு 88. கூட்டினால் 242. டீச்சர் எழுதியிருந்தது 232. பக்கத்தில் பெரிதாக ஒரு 'சரி' குறி.

மூன்று முறை கூட்டிப் பார்த்துவிட்டு அஞ்சலையிடம் காட்டினேன். மனதுக்குள் கூட்டினாள். அழுது சிவந்திருந்த கண் அகலமாக விரிந்தது.

"பத்து வருசமா ஏமாத்திக்கினு இருந்திருக்காங்க சார்! யார்கிட்டயாவது செவப்புப் பேனா இருக்கா?"

எங்கிருந்தோ ஒன்றை வாங்கிவந்தாள். 232-ஐச் சுழித்தாள். எழுபத்திரண்டை அடித்து எழுபத்தொன்று என்று எழுதி, தன் கையெழுத்தும் போட்டாள்.

"ஒரிஜினல் தர மாட்டேன். வேணும்னா ஜெராக்ஸ் எடுத்துக்குங்க" என்றாள்.

அந்த நகல் என் மேசையில் இருக்கிறது. அவருடையதாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். முதல் ஆறு தவறுகளும் வேண்டுமென்றே செய்தவை என்று இன்றும் சந்தேகிக்கிறேன். ஏழாவதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அது அவசரத்தில் வந்ததா, யாராவது ஒருநாள் பார்ப்பார்கள் என்று வைத்ததா என்று இனி கேட்கவும் முடியாது. அவரிடம் படித்தவர்களே, உங்களில் யாரிடமாவது அவர் எழுதிய தாள் இருந்தால், சரி போட்ட இடங்களை ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.