ஜாஸ்மின் கேட்டு வாங்கிய வீட்டுப்பாடம்

காரிமங்கலத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில், அரசு உயர்நிலைப்பள்ளியில் ஜாஸ்மின் ஒன்பதாம் வகுப்பு படித்தாள். கணக்கில் அவள் நாற்பதைத் தாண்டியதில்லை. ஆனால் வீட்டுப்பாடம் எழுதாமல் ஒரு நாளும் பள்ளிக்குப் போனதில்லை. அதை வைத்து மகள் நன்றாகப் படிக்கிறாள் என்று அம்மா ஆரோக்கியமேரி நம்பியிருந்தாள்.

தை பிறந்தால் அந்த வீட்டில் புளி வந்து இறங்கிவிடும். வியாபாரி மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார். ஆரோக்கியமேரி கூலிக்கு அதன் மேலோட்டை உடைத்து, நாரை உருவி, கொட்டையைத் தட்டி எடுத்துக் கொடுப்பாள். பள்ளி விட்டு வந்ததும் ஜாஸ்மினும் கூட உட்கார வேண்டும். புளி பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் வெடித்து எரியும். ஏழு மணியானதும் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, "ஹோம்வொர்க் இருக்குதும்மா" என்பாள். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்வதில்லை. அப்பா இன்னாசி டி.வி. சத்தத்தைக் குறைப்பார். உள் அறையில் நோட்டு விரிந்திருக்கும் வரை, தண்ணீர் கொண்டு வா என்றுகூட அவளைக் கூப்பிட மாட்டார்கள். சரியோ தப்போ, கால் மணி நேரத்தில் கணக்கை முடித்துவிடுவாள். மிச்ச முக்கால் மணி நேரம் நோட்டை மூடாமல் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

பொங்கல் விடுமுறை முடிந்த வாரம், கணக்கு டீச்சர் பிரியதர்ஷினி வகுப்பில் ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்தார். நல்லம்பள்ளியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். எதையும் செய்து பார்த்துவிடலாம் என்கிற வயது.

"வீட்டுப்பாடம் எதுக்குன்னு எழுதுங்க. பேர் வேண்டாம்."

பிள்ளைகள் எழுதித் தள்ளினார்கள். விளையாடப் போகாமல் பிடித்து வைக்க, திட்டுவதற்கு ஒரு காரணம் வேண்டும் என்பதற்காக, நோட்டு விற்பதற்காக. படிப்பு வருவதற்காக என்று எழுதியவர்கள் இரண்டே பேர். ஜாஸ்மின் 'தெரியாது' என்று எழுதி மடித்துக் கொடுத்தாள். சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்த டீச்சர் அவற்றை அடுக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு, ஒரு மாதம் கணக்கில் வீட்டுப்பாடமே கிடையாது, எல்லாவற்றையும் வகுப்பிலேயே போட்டுவிடலாம் என்றார். மற்ற டீச்சர்கள் எப்போதாவதுதான் வீட்டுப்பாடம் கொடுப்பார்கள். வகுப்பே மேசையைத் தட்டியது. ஜாஸ்மினும் தட்டினாள். வீட்டுக்குப் போகும் வழியில்தான், இனி ஏழு மணிக்கு என்ன சொல்லி எழுவது என்று அவளுக்கு உறைத்தது.

அன்று ஏழு மணிக்கு வழக்கம்போல ஹோம்வொர்க் என்று சொல்லி எழுந்துவிட்டாள். இரண்டு நாள் அப்படியே ஓடியது. மூன்றாம் நாள், அடுத்த தெருவில் இருக்கிற மலர்விழி அறிவியல் புத்தகம் வாங்க வந்தாள். அவளும் அதே வகுப்புதான்.

"உள்ள ஹோம்வொர்க் எழுதறா, போ" என்றாள் ஆரோக்கியமேரி.

"எங்களுக்கு ஹோம்வொர்க்கே கிடையாதுங்களே அத்தை. ஒரு மாசத்துக்கு இல்லைங்க."

ஆரோக்கியமேரி மகளைத் திட்டவில்லை. "அப்ப வந்து உக்காரு" என்று மட்டும் சொன்னாள். அதிலிருந்து எட்டு மணி வரை புளிதான்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மதிய இடைவேளையில் ஜாஸ்மின் ஆசிரியர் அறை வாசலில் போய் நின்றாள்.

"மிஸ், எனக்கு மட்டும் ஹோம்வொர்க் குடுக்கறீங்களா?"

பிரியதர்ஷினிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கணக்குல அவ்வளவு ஆசையா?"

"இல்லைங்க மிஸ். கணக்கு எனக்கு வராதுங்க. நோட்டு விரிச்சிருந்தா வூட்டுல யாரும் கூப்புட மாட்டாங்க. அதுக்குத்தாங்க."

"அந்த ஒரு மணி நேரம் என்ன பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ண மாட்டேங்க. சும்மா இருப்பேன்."

டீச்சர் அவள் விரல்களைப் பார்த்தார். இது சரியா தப்பா என்று அவருக்கே விளங்கவில்லை. கடைசியில் நோட்டை வாங்கி எட்டுக் கணக்கு எழுதிக் கொடுத்தார். "ஒவ்வொரு படியும் விடாம எழுதணும். சும்மா இருக்கறதுக்கு நான் பொறுப்பில்ல."

எட்டுக் கணக்கும் முழுதாக ஒரு மணி நேரத்தைத் தின்றன. டீச்சர் தன்னை ஏமாற்றிவிட்டதாக ஜாஸ்மினுக்குத் தோன்றியது. இருந்தாலும் அந்த ஒரு மணி நேரம் கையில் புளி படவில்லை, யாரும் கூப்பிடவில்லை. அடுத்த நாளும் போய் நோட்டை நீட்டினாள்.

டீச்சர் சொன்ன ஒரு மாதம் முடியும் சமயத்தில் பள்ளிக்கு ஆய்வு வந்தது. அதிகாரி ஒன்பதாம் வகுப்பு அந்த மாதம் எழுதிய கணக்கு வீட்டுப்பாட நோட்டுகளைக் கேட்டார். பிரியதர்ஷினியிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான், ஜாஸ்மினுடையது. அதிகாரி அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"நல்லா இருக்குதே. இதே மாதிரி எல்லாருக்கும் குடுங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

திங்கட்கிழமையிலிருந்து வகுப்பு முழுக்கத் தினமும் எட்டுக் கணக்கு. காரணம் யார் என்று தெரிய ரொம்ப நேரமாகவில்லை. இரண்டு நாள் யாரும் ஜாஸ்மினோடு பேசவில்லை. பெஞ்சில் மலர்விழி நடுவில் பையை வைத்து உட்கார்ந்தாள். ஜாஸ்மின் சமாதானம் சொல்லப் போகவில்லை. சொன்னால் புரியும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் காலை, மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது மலர்விழி பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

"ஆறாவது கணக்கு போட்டுட்டியா?"

"போட்டேன். சரியான்னு தெரியாது."

"பரவாயில்ல, குடு."

ஜாஸ்மின் நோட்டைத் தள்ளி வைத்தாள்.