தடி ஆண்டெனாவுக்குப் போட்ட கையெழுத்து

பதினோரு வருஷமாக ஏணியாருக்கு ஒரே எரிச்சல்தான். லாரி முற்றத்து நடுக் கம்பத்தில் நிற்கிற அந்தத் தடி ஆண்டெனாவைத் தேர்ந்தெடுத்தது அவர் இல்லை. ஆனால் தொழிலில் இருக்கிற அத்தனை பேரும் அவர்தான் என்கிறார்கள். அப்படிச் சொல்ல வைத்தது வேறு யாருமில்லை, சொந்தத் தங்கச்சி புருஷன்.

எந்தக் கம்பமானாலும் ஏணியைச் சாத்திச் சரசரவென்று ஏறுவதால் வந்த பட்டப்பெயர்தான் ‘ஏணியார்’. உண்மையில் அவர் கெட்டிக்காரத்தனம் ஏறுவதில் இல்லை, அதற்கு முன்னால் நடப்பதில். வெளியிடத்தில் வைஃபை வைக்கச் சொன்னால் பெட்டியைத் தொடவே மாட்டார். கையில் போனும் சாக்பீஸுமாக இடம் முழுக்க நடப்பார். ஆள் எங்கே நிற்கிறான், லாரி எங்கே மறைக்கிறது, தகரக் கூரை எங்கே குறுக்கே வருகிறது என்று தரையில் கோடு போடுவார். பிறகுதான் எந்த ஆண்டெனா என்று வாயைத் திறப்பார். படிப்பு அஞ்சாம் வகுப்பு. அவர் போட்ட கோடு தப்பியதில்லை.

லாரி முற்றத்தில் மூன்று நாள் நடந்தார். குமாஸ்தாக்கள் கைக்கருவியால் சரக்குப் பெட்டிகளை ஸ்கேன் செய்கிற இடம் அது.

“நாலு மூலைக்கு நாலு பலகை ஆண்டெனா. லேசாக் கீழ பாத்த மாதிரி சாய்ச்சு வெச்சா போதும்” என்றார்.

தங்கச்சி புருஷன்தான் தொழிலில் கூட்டாளி. ஆபீஸ் வேலையெல்லாம் அவர் பொறுப்பு. ஒரு விலைப் புத்தகத்தோடு வந்தார். “இதப் பாருங்க மச்சான், சக்தி பன்னிரண்டு டிபி. இருக்கிறதுலயே பெரிய நம்பர். இந்தத் தடி ஒண்ணை உச்சியில நட்டா முடிஞ்சுது.”

“மாப்பிள்ளை, பலூனை மேலயும் கீழயும் அமுக்குனா பக்கவாட்டுல பிதுங்குதுல்ல? இதுவும் அப்படித்தான். நம்பர் ஏற ஏறத் தட்டையாத் தூரத்துக்குப் போயிரும். கம்பத்தடியில நிக்கிறவன் வாயப் பாக்க வேண்டியதுதான். காக்காய்க்கா வைஃபை குடுக்கப் போறோம்?”

“லாரி முதலாளிகிட்ட வாக்குக் குடுத்துட்டேன். நீங்க ஏறுங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்.”

தங்கச்சி முகத்துக்காக ஏறினார். இறங்கியதும் மாப்பிள்ளை வண்டி மேல் ஒரு தாளை வைத்தார். “சாமான் வந்ததுக்கு ஒரு கையெழுத்து, மச்சான்.” படிக்காமலே போட்டார். வீட்டு ஆளிடம் யார் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள்?

முதல் நாளே குமாஸ்தாக்கள் கைக்கருவியை வானத்துக்குத் தூக்கித் தூக்கிக் காட்டினார்கள். ஒரு பெட்டிகூடப் பதியவில்லை. லாரி வரிசை ரோடு வரைக்கும் நின்றது. தெருக்கோடிச் சலூனில் மட்டும் சிக்னல் பிரமாதமாம்.

முதலாளி இருவரையும் நிற்க வைத்துக் காய்ச்சினார். மாப்பிள்ளை நிதானமாக அந்தத் தாளை நீட்டினார். ‘ஆண்டெனாவைத் தேர்வு செய்தவர்’ என்ற இடத்தில் ஏணியாரின் கோணல் கையெழுத்து.

“நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேங்க. இவர் கேக்கல.”

ஏணியார் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை அவர் பக்கம் திரும்பவே இல்லை; பேனாவைச் சட்டைப் பையில் செருகுவதிலேயே மும்முரமாக இருந்தார்.

அதன் பிறகு ஏறுவதற்குத்தான் கூப்பிட்டார்கள். யோசனை கேட்க ஒருத்தரும் கூப்பிடவில்லை. தங்கச்சி வாழ்க்கை கெட்டுவிடக் கூடாதென்று அவரும் வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் மாப்பிள்ளையின் மகள் போன் செய்தாள். இன்ஜினியர். அதே முற்றத்தைப் புதுப்பிக்கிற வேலை அவள் கைக்கு வந்திருக்கிறது.

“மாமா, நடந்து பாத்தேன். நாலு பலகைதான் சரியா வருது. பழைய ஃபைல்ல உங்க கையெழுத்து இருக்கு. ஆனா நீங்க அந்தத் தடியத் தேர்ந்தெடுக்கிற ஆள் இல்லையே. யாரு மாமா செஞ்சது?”

பதினோரு வருஷத்தில் ஏணியாரிடம் இப்படிக் கேட்ட முதல் ஆள் அவள்தான். “ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா தாயி, எல்லாம் சொல்றேன்” என்றார்.

சனிக்கிழமை, மாப்பிள்ளை நோயாகக் கிடந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது: ஏணியாரைப் பார்க்க வேண்டுமாம். இனி நாட்கணக்குதான் என்று டாக்டர் கையை விரித்திருந்தார். கடைசியில் மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, சவரம் செய்துகொண்டு, துவைத்த சட்டை போட்டுப் போனார்.

மாப்பிள்ளை மெலிந்த கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நேருக்கு நேர் முகத்தைப் பார்த்தார்.

“மச்சான், நாளைக்கு உங்களப் பாக்க வர்றதா எம் பொண்ணு சொன்னா. வந்து கேட்டா, அந்தத் தடியத் தேர்ந்தெடுத்தது நீங்கதான்னு உங்க வாயாலயே சொல்லிடுங்க.”