சூட்டில் மட்டும் நிற்கும் கார்

சாம்பசிவத்துக்கு வயது அறுபத்து மூன்று, அவருடைய காருக்குப் பத்தொன்பது. இரண்டில் எது அதிகம் களைத்தது என்று எங்கள் கொண்டாப்பூர் அடுக்ககத்தில் பட்டிமன்றமே வைக்கலாம். எதிர்வீட்டுக்காரன் என்ற பாவத்துக்கு நான் அந்தக் காரை நாலைந்து முறை தள்ளியிருக்கிறேன்.

பாலாநகரில் விமானங்களுக்கு மின்னணுக் கருவி செய்யும் ஓர் ஆலையில் முப்பத்தோரு வருஷம் சோதனை மேஜையில் உட்கார்ந்தவர் அவர். பழுது என்று வரும் கருவியை ஏசி அறையில் மேஜைமேல் வைத்து மீட்டரால் அளப்பார். அளவு சரியாக இருந்தால் ‘குறை காணப்படவில்லை’ என்று சீட்டெழுதித் திருப்பி அனுப்பிவிடுவார். கொண்டுவந்தவன் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. ஓய்வு பெற்ற பிறகும் மனிதர் அந்த மேஜையைவிட்டு எழுந்திருக்கவில்லை.

மனைவி பட்டுவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் கச்சிபௌலியில் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். முடிந்து வரும்போது அந்த அம்மாளால் தலையைத் தூக்க முடியாது. வாடகைக் காரில் அடிக்கும் சென்ட் வாசனைக்கு வாந்தி எடுத்துவிடுவார். சொந்தக் கார் என்றால் முன்சீட்டை நன்றாகச் சாய்த்துப் படுத்துக்கொள்ளலாம்.

அந்தக் கார்தான் ஒரு மாதமாக, வீடு திரும்பும் வழியில் பொட்டென்று நின்றுகொண்டிருந்தது. இருபது நிமிஷம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். அந்த இருபது நிமிஷமும் ஏப்ரல் வெயில், பின்னால் ஹாரன், உள்ளே கண்ணை மூடிப் படுத்திருக்கும் பட்டு. போன வியாழக்கிழமை மேம்பாலத்தின் உச்சியிலேயே நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்ததும் பட்டு சொன்னார்: “சனிக்கிழமை நான் போகலை. இனிமே எதுக்கும் போகலை. என்னால முடியலை.” கோபமாகச் சொல்லியிருந்தால் பயம் இருந்திருக்காது. அலுத்துப்போய்ச் சொன்னார்.

மெக்கானிக், காரை விற்றுவிடச் சொல்லியிருந்தான். “நக்கோ பாய், வேண்டாம்” என்று சொல்லிவிட்டு சாம்பசிவமே ரிப்பேரில் இறங்கியிருந்தார். என்ஜின் சூட்டைச் சொல்லும் சென்சாரை மாற்றினார். ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்று பார்க்கும் சென்சாரையும் மாற்றினார். கார் நின்றுகொண்டேதான் இருந்தது. என்ஜின் சுற்றுகிறதா என்று சொல்லும் கிராங்க் சென்சார் வாயை மூடினால் பெட்ரோலும் வராது, பொறியும் வராது. அவருடைய முதல் சந்தேகமே அதன்மேல்தான். இரண்டு முறை கழற்றி, சாப்பாட்டு மேஜையில் ஃபேனுக்கடியில் வைத்து அளந்தார். அளவு அச்சுப் பிசகாமல் இருந்தது. தேதி போட்டுச் சீட்டுக்கூட எழுதினார், பழக்கதோஷம். பிறகு அதையே திரும்ப மாட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது மூன்றாம் முறையாக அது மேஜைக்கு வந்திருந்தது. அவர் கண்கள் குழிவிழுந்திருந்தன. “அளவு சரியாத்தான் இருக்கு, செல்வன்” என்றார்.

கட்டிலிலிருந்து பட்டு கேட்டார்: “ஏன்னா, போறச்சே ஒரு நாளாவது நின்னிருக்கா?”

“அதுக்கும் இதுக்கும் என்ன?”

“மத்தியானம் கால் மணியில போயிடறோம். சாயங்காலம் டிராஃபிக்ல முக்கால் மணி ஊர்ந்துண்டு வரோம். அப்பத்தான் நிக்கறது. முதல் வாரமே சொன்னேன். நீங்க மீட்டரைப் பாத்துண்டிருந்தேள்.”

சாம்பசிவம் எழுந்துபோய் அடுப்பில் வெந்நீர் வைத்தார். சென்சாரைப் பால் கவரில் சுற்றி அதில் இறக்கி, ஒயரை என்னைப் பிடிக்கச் சொன்னார். மீட்டரில் எண் மெல்ல ஏறிற்று. தண்ணீர் கொதிக்குமுன் ஒரேயடியாகக் காணாமல் போயிற்று. வெளியே எடுத்து ஆறவைத்தால் பழைய அளவு வந்து நின்றது. மூன்று முறை செய்து பார்த்தார்.

“இந்த மாதிரி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினேனோ” என்றார். அவருக்கு வெட்கமாக இருந்தது. எனக்கும் அவரைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

அன்று மாலையே புது சென்சார் வாங்கி மாட்டினார். சனிக்கிழமை பட்டு நம்பிக்கையில்லாமல்தான் ஏறினார். “நின்னா இதான் கடைசி” என்றார். தள்ள ஆள் வேண்டுமே என்று நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன்.

மாலையில் கம்பெனி பஸ்களுக்கு நடுவே ஊர்ந்தோம். அரை மணி தாண்டியது. சாம்பசிவத்தின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முக்கால் மணியும் தாண்டியது. கொத்தகூடா சிக்னலில் நின்றபோது என்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

“பாத்தியா பட்டு, நிக்கலை” என்றார்.

பட்டு கண்ணைத் திறக்கவில்லை. “எனக்கும் அந்த சென்சார் மாதிரித்தான்னா. டயாலிசிஸ்ல மூணாவது மணியிலதான் கால் முறுக்கி இழுக்கறது, உயிர் போறது. முடிஞ்சு வெளில வரச்சே சரியாயிடறது. டாக்டர் கேட்டா, நீங்க பிரஷர் ஷீட்டைப் பாத்து எல்லாம் நார்மல்னு சொல்லிடறேள்.”

சிக்னல் பச்சையாயிற்று. பின்னால் ஹாரன்கள் தொடங்கின. யாரோ ஒருவன் “சலோ அங்கிள்” என்று கத்தினான். சாம்பசிவம் கியர் போடவில்லை. மனைவியின் முழங்கால்மேல் கையை வைத்துக்கொண்டு, அவர் பக்கமாகக் குனிந்தார்.

“எந்தக் கால்ல முதல்ல ஆரம்பிக்கறது?” என்று கேட்டார்.