அம்மா துவைத்த கறை

எங்கள் கல்லூரிக் குறும்படத்தில் உடை, பொருட்கள், எந்தக் காட்சி எப்போது என்பதெல்லாம் ஒருத்தியின் பொறுப்பு. அவளை மேஸ்திரி என்போம். பையில் ஊக்கும் நூல்கண்டும் இருக்கும். தாமதமாக வருகிறவனைக் கண்ணாலேயே எரித்துவிடுவாள்.

முதல் நாள், கதாநாயகன் சட்டையில் டீ கொட்டும் காட்சியை எடுத்தோம். மறுநாள் அதே கறையோடு அவன் தெருவில் ஓட வேண்டும். காலையில் வந்து நின்றான். சட்டை பளிச்சென்று இஸ்திரி மடிப்போடு இருந்தது.

"அம்மா துவைச்சுட்டாங்க."

இயக்குநர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "போச்சு, எல்லாம் போச்சு!"

"வாயை மூடுடா," என்றாள் மேஸ்திரி. "டீ கொட்டுறதுக்கு முன்னாடி வர்ற காட்சிய அடுத்த வாரம்தானே எடுக்கிறதா இருந்தோம்? சட்டைதான் சுத்தமா இருக்கே, இப்பவே எடுத்துடலாம். ஓட்டத்த அப்புறம் பாத்துக்கலாம்."

அடுத்த வாரத்துக்கென்று இருந்ததே அந்தக் காட்சி ஒன்றுதான்; மதியத்துக்குள் அது முடிந்தது. பிறகு போனில் நேற்றைய படத்தைப் பார்த்துப் பார்த்து, டீயில் பஞ்சைத் தொட்டு, அதே இடத்தில் அதே வடிவில் கறையை வரைந்தாள். சாயங்காலம் ஓட்டமும் முடிந்தது. ஒரு வாரம் முன்னதாகவே எங்கள் படம் முடிந்துவிட்டது! கத்திக் கத்தி எங்களுக்குத் தொண்டை கட்டிப்போயிற்று.

கிளம்பும்போது கதாநாயகன் தயங்கினான். "சட்டைய வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா?"

"தாராளமா. படத்துல 'உடை'ன்னு என் பேரோட உங்கம்மா பேரும் வரும்னு அவங்ககிட்ட சொல்லு."