கல்யாண மண்டபத்துப் போர்க்களம்

உக்கிரபாண்டி என்றால் ராஜபாளையத்தில் யாருக்கும் தெரியாது. ஹவில்தார் என்று கேட்க வேண்டும். பட்டாளத்தை விட்டு வந்து பதினாறு வருடமாகிறது. என்னோடு மில் கேட்டில் காவல் நிற்கிறார். எல்லாரிடமும் எரிந்து விழுவார், யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக் கல்யாண மண்டபத்தில் படம் திறந்துவைக்க அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். துணைக்கு நானும் போனேன்.

துணியை விலக்கினால் சுவர் முழுக்கப் போர்க்களம். பாளையக்காரத் தளபதி குதிரைமேல் வாளோங்கி வருகிறார், பின்னால் நாற்பது வீரர்கள். ஒருத்தன் மேலும் சொட்டு ரத்தம் இல்லை, விழுந்து கிடப்பவனும் இல்லை. தாலி கட்டுகிற இடத்தில் அதெல்லாம் ஆகாது என்று மண்டபத்தை நடத்துகிற சங்கத்தார் ஓவியரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்களாம். அத்தனை பேரும் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி பளிச்சென்று நின்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஹவில்தார் தலையைக் குனிந்துகொண்டார்.

காரணம் எனக்கு மட்டும் தெரியும், ஒரு ராத்திரிக் காவலில் அவரே சொன்னது. பதினெட்டு வருடத்துக்கு முன்பு, வடக்கே ஒரு மலையில், இவர் தலைமையில் எட்டுப் பேர் ரோந்து போனார்கள். கூமாப்பட்டி பாண்டிதுரை குண்டு பட்டு விழுந்தான். மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு இவர் பாறைக்குப் பின்னால் இறங்கிவிட்டார். மத்தியானத்திலிருந்து பொழுது சாயும்வரை மேலே அவன் "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டு கிடந்தான். போய்த் தூக்கி வர இவருக்குக் கால் எழவில்லை. ஊருக்கு வந்து, பட்டவுடன் உயிர் போய்விட்டது, ஒரு சத்தம்கூடப் போடவில்லை என்று அவன் தாயிடம் சொன்னார்.

அந்தத் தாய் வெள்ளத்தாய் அன்றைக்கு வந்திருந்தாள். படத்தையே பார்த்துக்கொண்டு நின்றவள் ஹவில்தார் பக்கம் திரும்பினாள்.

"எம் மவனும் இப்படித்தான நின்னுருப்பான், தம்பி?"

"ஆமாக்கா."

"ஒண்ணுதான் மனசு ஆற மாட்டேங்கு. சாகயில அம்மான்னு ஒரு வார்த்த கூப்பிடலையே. அம்புட்டு வேத்தாளாவா போயிட்டேன்?"

அந்தப் பொய்யால் அவளுக்கு நல்லது செய்ததாகவே இத்தனை வருடம் நினைத்திருந்தவர் ஹவில்தார்.

"கூப்பிட்டான்க்கா."

அவள் முகம் மலர்ந்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

"கூப்பிட்டானா? எம்புட்டு நேரம்?"

"செத்த நேரந்தான்."

"நீங்க பக்கத்துல இருந்தியளா?"

"இருந்தேன்க்கா. எம் மடியிலதான் தல வச்சிருந்தான்."

வெள்ளத்தாய் அவர் கைகள் இரண்டையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மேடையில் பேச வரும்படி மைக்கில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் கையை உருவப் பார்த்தார், அவள் விடவில்லை. "இந்தக் கையாச்சும் எம் புள்ளயத் தாங்குச்சே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.