பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை

யோகேஸ்வரி உடற்கல்வி ஆசிரியை ஆனதற்குக் காரணம் அவருடைய குதிகால் வலி.

உலு திராம் என்ற ஊரில் இருக்கும் தமிழ்ப்பள்ளியில் அவர் பதினெட்டு ஆண்டுகளாக இசையும் நன்னெறியும் கற்பித்து வந்தார். குதிகாலில் எலும்பு வளர்ந்திருக்கிறது, மெத்தென்ற சப்பாத்து போடுங்கள் என்று மருத்துவர் சொல்ல, தடித்த அடிப்பாகம் வைத்த விளையாட்டுச் சப்பாத்து ஒன்றை வாங்கிச் சேலைக்குக் கீழே மாட்டிக்கொண்டு வந்தார். அந்த வாரம் பார்த்து உடற்கல்வி ஆசிரியருக்குத் தங்காக் ஊருக்கு மாற்றல் வந்தது. ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் கமலநாதன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். முகங்கள் எல்லாம் குனிந்து தரையைப் பார்த்தன. தலைமையாசிரியரும் குனிந்து பார்த்தார். மேசைக்கு அடியில் ஒரே ஒரு ஜோடி விளையாட்டுச் சப்பாத்து தெரிந்தது.

“டீச்சர், நீங்கதான் ரெடியா வந்திருக்கீங்க.”

“சார், இது குதிகால் வலிக்குப் போட்டது...”

“பாத்தீங்களா, உடம்புமேல எவ்வளவு அக்கறை! அதுதான் வேணும்.”

முதல் மாதம் விசில் ஊதவே கூச்சமாக இருந்தது. பிறகு ஓர் உண்மை புரிந்தது. திடலின் கதவைத் திறந்துவிட்டால் போதும், மற்றதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். அதிலும் ஐந்தாம் ஆண்டு மாணவி ஷர்மினி நடந்து யாரும் பார்த்ததில்லை. கழிவறைக்கும் ஓட்டம்தான். கோல் கம்பத்தின் மேலிருந்து அவளை இறக்குவது வாரம் இருமுறை நடக்கும் வேலை. நான்கு ஆண்டுகளில் உடற்கல்வி யோகேஸ்வரிக்குப் பிடித்தும் போயிற்று.

அப்போதுதான், ஓர் ஏப்ரல் மாதம், பெட்டிகள் வந்தன. மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடியாடுகிறார்கள் என்று ஒரு பல்கலைக்கழகம் அளக்கப்போகிறதாம். தீப்பெட்டி அளவில் பன்னிரண்டு கருவிகள். வாரில் கோத்து இடுப்பில் கட்டினால் ஒவ்வோர் அசைவையும் அது எண்ணும். ஏழு நாள் கட்டியிருக்க வேண்டும். குளிக்கவும் தூங்கவும் மட்டும் கழற்றலாம்.

கொண்டுவந்த இளைஞர், “வெளிநாட்டுச் சாமான், கவனம்,” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. கமலநாதன் பெட்டிகளை இரண்டு நாள் பரிசுக் கோப்பை அலமாரியில் பூட்டி வைத்தார். மூன்றாம் நாள், தேர்ந்தெடுத்த பன்னிரண்டு பிள்ளைகளையும் நிற்க வைத்து, “இது உடைஞ்சா பள்ளிக்கூடத்துப் பேரே போயிரும்,” என்றார். பெற்றோருக்கு எச்சரிக்கைக் கடிதம் போய்க் கையெழுத்தோடு திரும்பியது. யோகேஸ்வரியும் தன் பங்குக்கு, “கீழ விழக் கூடாது, இடிபடக் கூடாது, தண்ணி படக் கூடாது,” என்று சொல்லி ஒவ்வோர் இடுப்பிலும் கட்டினார்.

மறுநாள் ஓய்வு நேரத்தில் பன்னிரண்டு பேரும் நடைபாதை பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கிளினிக்கில் முறைக்குக் காத்திருக்கும் கர்ப்பிணிகளைப் போல ஆளுக்கொரு கையை இடுப்பில் வைத்திருந்தார்கள்.

“என்ன ஷர்மினி, ஓடலயா?”

“பெட்டி கழட்டுற வரைக்கும் ஆடக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க டீச்சர். மாடிப்படிகூட கையப் புடிச்சுத்தான் ஏத்திவிடுறாங்க.”

அம்மா தேன்மொழிக்குச் செனாயில் தொழிற்சாலை வேலை. மாலையில் அவரே போனில் அழைத்தார். “கவலப்படாதீங்க டீச்சர். வெளிய விடவே இல்ல. டிவி முன்னால உக்கார வச்சிருக்கேன். பெட்டிக்கு ஒண்ணும் ஆவல.”

யோகேஸ்வரி நன்றி சொன்னார். போனை வைத்த பிறகுதான் யோசித்தார். காலையில் முதல் வேலையாகத் தலைமையாசிரியரிடம் போனார்.

“சார், புள்ளைங்க அசையாம இருந்தா பெட்டி எதை அளக்கும்?”

“பெட்டி பத்திரமா இருக்கா, இல்லயா?”

“இருக்கு சார்.”

“அப்புறம் என்ன லா.”

பன்னிரண்டும் கீறல் இல்லாமல் திரும்பிப்போயின. கருவிகளைப் பேணியதற்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. கமலநாதன் அதைச் சட்டம் போட்டு மாட்டினார். இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. மாவட்டத்திலேயே மிக மந்தமான பிள்ளைகள் இந்தப் பள்ளியில்தான் இருந்தார்கள். சராசரி ஓட்டமும் ஆட்டமும் நாளுக்குப் பதினொரு நிமிடம். ஏழாம் எண் மாணவியின் நிலை கவலைக்கிடம். ஏழாம் எண் ஷர்மினி.

பல்கலைக்கழகத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். ‘ஓடக் கூடாது என்று நாங்கள்தான் சொன்னோம்’ என்று யோகேஸ்வரி எழுதினார். கமலநாதன் அதை அடித்துவிட்டு ‘உணவுப் பழக்கம்’ என்று மாற்றினார். கேண்டீனில் கறிபாப் பலகாரம் விற்பது நின்றது. பரிகாரமாக ஒரு சனிக்கிழமை மண்டபத்தில் காலை எட்டு முதல் ஒரு மணி வரை பிள்ளைகளுக்குச் சொற்பொழிவு நடந்தது. தலைப்பு: ‘உட்கார்ந்தே இருப்பதன் தீமைகள்’. மூன்றாம் மணி நேரத்தில் ஷர்மினி நெளிந்தாள். “ஆடாம உக்காரும்மா,” என்றார் பேச்சாளர். பின்வரிசையில் யோகேஸ்வரி இருந்தார். இதைத் தொடங்கி வைத்தது தன் வாயும்தானே என்று நினைத்தார்.

செப்டம்பரில், மறுபடி அளந்து பார்க்கப் பெட்டிகள் வந்தன. கமலநாதன் கூட்டத்துக்குப் போயிருந்த நாளில் யோகேஸ்வரி கையெழுத்துப் போட்டு அவற்றை வாங்கி, அன்றே கட்டிவிட்டார்.

“நல்லா கேட்டுக்குங்க. தொலஞ்சாலும் உடைஞ்சாலும் டீச்சர் பாத்துக்கறேன். போங்க, ஓடுங்க.”

யாரும் நம்பவில்லை. அவரே முன்னால் திடலுக்கு இறங்கி நடந்த பிறகுதான் ஷர்மினி பாய்ந்தாள். தேன்மொழிக்கும் போன் போட்டார்.

“அலமாக்! போன தடவ கட்டிப் போடச் சொன்னீங்க, இப்ப அவுத்து வுடச் சொல்றீங்களா?”

“என் தப்புதாங்க. விளையாட விடுங்க.”

அந்த ஏழு நாளில் ஒரு பெட்டி லோங்காங்கில் விழுந்து சாக்கடைத் தண்ணீரோடு போயிற்று. இன்னொன்று கோல் கம்பத்தில் மோதிப் பிளந்தது. மிச்சம் பத்தும் சேறு பூசிக்கொண்டு திரும்பின.

இம்முறை பல்கலைக்கழகம் சீக்கிரமே எழுதியது. ஐந்து மாதத்தில் இவ்வளவு முன்னேற்றம் நம்பத்தக்கதாக இல்லை, கருவிகள் பழுதாகியிருக்கலாம், ஆகவே இந்தப் பள்ளி ஆய்விலிருந்து நீக்கப்படுகிறது.

கமலநாதன் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு நிமிர்ந்தார். “நாம இப்ப கடைசி எடத்துல இல்ல டீச்சர். லிஸ்ட்டுலயே இல்ல. நல்லதாப் போச்சு.” காணாமல்போன பெட்டிக்கு மட்டும் விளக்கம் எழுதித் தரச் சொன்னார்.

யோகேஸ்வரி அவர் மேசையிலேயே எழுதினார்: ‘பிள்ளை ஓடும்போது விழுந்தது.’

“இன்னும் கொஞ்சம் விளக்கமா, ஒரு ரெண்டு பக்கம்...”

“நடந்தது இவ்வளவுதான் சார்,” என்று கையெழுத்திட்டு நீட்டினார். அடுத்த ஆண்டு ஆசிரியர் கூட்டத்தில் உடற்கல்விக்கு வேறு ஆள் தேடினார்கள். கேட்டு வந்தவர் எவரும் இல்லை. யோகேஸ்வரி மட்டும், தனக்கே வேண்டும் என்று முதன்முறையாகக் கை தூக்கினார்.